வங்கநாட்டு இரகசியச் சங்கங்களும் சமயமும்

தாய்நாட்டின்மீது வைத்த அன்பும் இறைவன்மீது வைத்த பக்தியும் மக்களை உயர்த்துவன என்பதில் ஐயமில்லை. இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தவிடத்துத் தன்னலமற்ற தொண்டர் பலர் தோன்றியமையை வரலாறு காட்டும். ஆயின், அதே அன்பும் அதே பக்தியும் மறைவிடத்திற் கூடிய சிறு கூட்டத்தினர் கையிற் கொலைக் கருவிகளாய் மாறியமையையும் அவ்வரலாறே காட்டுகின்றது. அத்தகையோரை அரசினர் பயங்கரவாதிகள் என்றனர். அவர்தம் மக்களிற் பலர் வீரர் என்றனர். இவ்விரு பெயர்களுள் எது பொருந்தும் என வழக்காடுவதினும், நற்குடியிற் பிறந்து நன்கு கற்ற இளைஞர் அந்நிலையை எவ்வாறு அடைந்தனர் என ஆராய்வதே பயனுடைத்து. அவ்வாராய்ச்சிக்கு இந்துக்களாகிய நமக்கு மிக அண்மையிலுள்ள உதாரணம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கநாட்டில் எழுந்த இரகசியச் சங்கங்களாகும். அவர்கள் கையில் இருந்த நூல், நம் பாடசாலைகளிலும் ஓதப்படும் பகவத்கீதையேயாம்.

1902ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் அனுசீலன் சமிதி என்னும் கழகம் நிறுவப்பட்டது. சதீஷ் சந்திர வசு என்பார் அதனைத் தொடங்கினார். பிரமதநாத மித்திரர் என்னும் பாரிஸ்டர் தலைமை தாங்கினார். தொடக்கத்தில் அது வெறும் தேகப்பயிற்சிக் கழகமாகவே காணப்பட்டது. இளைஞர் மாலைவேளைகளிற் கூடிச் சிலம்பமும் மல்லும் பழகினர், நன்னூல்களைக் கற்றனர். உடலும் உள்ளமும் ஒருங்கே பண்படல் வேண்டும் என்பது பங்கிம் சந்திரர் வகுத்த கொள்கை. கழகத்தின் பெயரும் அவர் எழுத்துக்களிலிருந்து எடுக்கப்பட்டதே. அவர் 1882இல் வெளியிட்ட ஆனந்தமடம் என்னும் நாவல், துறவிகளே படைவீரராகிப் போர்புரியும் கதையைக் கூறுவது. வந்தே மாதரம் என்னும் பாடல் அதன்கண் அமைந்தது. நாட்டைத் தாயாகவும், தாயைத் தேவியாகவும், போரைப் பூசையாகவும் காணும் நோக்கு இந்நூல்வழி இளைஞருள்ளத்திற் பதிந்தது.

எனினும் இந்நோக்கு மாத்திரம் வெடிகுண்டைப் பிறப்பித்திராது. அதற்குத் தீ மூட்டியது ஆங்கிலேயராட்சியின் செயலேயாம். கேர்சன் பிரபு வகுத்த திட்டப்படி 1905ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி வங்கமாகாணம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மக்கள் கூட்டங்கூடினர், விண்ணப்பஞ் செய்தனர், அந்நியத் துணிகளைப் பகிஷ்கரித்தனர். அரசினர் செவிசாய்த்திலர். ஊர்வலங்களிற் சேர்ந்த மாணவர் தண்டிக்கப்பட்டனர். பத்திரிகைகள்மீது இராசத்துரோக வழக்குகள் தொடரப்பட்டன. திறந்த வாயில்கள் அடைபடுந்தோறும் மறைந்த வாயில்கள் திறக்கும் என்பது அரசியலில் ஓர் உண்மை. அதனை மறந்து இளைஞரை மட்டும் குறைகூறுதல் நடுநிலையன்று.

1905இல் அரவிந்தர் பவானி மந்திர் என்னும் சிறு நூலை எழுதினார். நாட்டின் விடுதலைக்கெனத் தம்மை அர்ப்பணித்த துறவியர் கூட்டம் ஒன்று தேவியின் ஆலயத்தைச் சூழ அமைதல் வேண்டும் என்பது அதன் சாரம். 1906இல் அவர் தம்பி பாரீந்திரகுமார் கோஷும் தோழரும் யுகாந்தர் என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினர். அதன் ஆசிரியராயிருந்து 1907இற் சிறைசென்ற பூபேந்திரநாத தத்தர் சுவாமி விவேகானந்தரின் உடன்பிறந்தார் ஆவர். ஹேமச்சந்திர கானுங்கோ என்பார் தம் சொத்தை விற்றுப் பாரிஸ் நகரஞ் சென்று வெடிகுண்டு செய்யும் வித்தையைக் கற்று மீண்டார். கல்கத்தாவின் புறத்தே மாணிக்தலா என்னுமிடத்தில் கோஷ் குடும்பத்தார்க்குரிய தோட்டமொன்று இருந்தது. அங்கே இளைஞர் காலையிற் கீதை ஓதினர். பின்பு வெடிமருந்து கலந்தனர். ஆசிரமமும் ஆயுதச்சாலையும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன.

தாக்கா நகரிலே புலின் பிகாரி தாசர் 1906இல் அமைத்த கிளை இன்னும் கட்டுப்பாடுடையது. அதிற் சேர்வோர் படிப்படியாகச் சபதங்கள் செய்தல் வேண்டும். முதற் சபதம் ஒழுக்கத்தையும் சங்கத்தை விட்டு நீங்காமையையும் பற்றியது. அடுத்தது சங்கத்தின் உட்செய்திகளை எவர்க்கும் உரையாமை பற்றியது. அதற்குமேல், நோக்கம் நிறைவேறுமளவும் தாய், தந்தை, உடன்பிறந்தார், இல்லம் என்னும் பாசங்களுக்குக் கட்டுப்படேன் என்றும், தலைவர் ஆணையை மறுப்பின்றி நிறைவேற்றுவேன் என்றும் ஆணையிடல் வேண்டும். ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. சிலம்பம் பழக வந்த மாணவன் எந்த நாளிலும் கொலைஞனாதற்கு உடன்பட்டவனல்லன். ஒவ்வொரு படியும் முந்திய படியினும் சிறிதே உயர்ந்தது. இறுதிப் படியிற் கைத்துப்பாக்கி கொடுக்கப்படும்போது, மறுத்துரைக்கும் உரிமையை அவன் தெய்வத்தின் முன்னிலையில் ஏலவே கையளித்துவிட்டான்.

இதன் விளைவை 1908ஆம் ஆண்டு ஏப்பிரில் 30ஆந் திகதி உலகம் கண்டது. கிங்ஸ்போர்ட் என்பார் கல்கத்தாவில் நீதவானாயிருந்தபோது சுசீல் சேன் என்னும் பதினைந்து வயதுச் சிறுவனைக் கசையால் அடிக்கும்படி தண்டித்தவர். பின்னர் முசபர்பூருக்கு நீதிபதியாக மாற்றப்பட்டவர். அவரைக் கொல்லும் பொருட்டுக் குதிராம் போசும் பிரபுல்ல சாகியும் அனுப்பப்பட்டனர். குதிராமுக்கு அப்போது வயது 18. இரவில் நீதிபதியின் வண்டியை ஒத்த வண்டியொன்று வரக்கண்டு குண்டை வீசினர். அவ்வண்டியில் நீதிபதி இருந்திலர். கென்னடி என்னும் வழக்கறிஞரின் மனைவியும் மகளுமே இருந்தனர், இருவரும் உயிர்நீத்தனர். பிரபுல்லர் பிடிபடுந் தறுவாயில் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார். குதிராம் ஓகஸ்ட் 11ஆந் திகதி தூக்கிலிடப்பட்டார். அவர் தூக்குமேடையைக் கலங்காது அணுகினார் என்பர். அவ்வீரத்தைப் போற்றி வங்கமக்கள் பாடல் புனைந்தனர். இறந்த பெண்டிர் இருவரையும் நினைந்து பாடினார் இலர்.

பிரபுல்லரைப் பிடிக்க முயன்ற நந்தலால் பானர்ஜி என்னும் பொலிஸ் அதிகாரி அவ்வாண்டு நவம்பரிற் கல்கத்தாவிற் கொல்லப்பட்டார். மாணிக்தலாத் தோட்டத்தினர் கைதாகி அலிப்பூர் வழக்குத் தொடங்கியபின், அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய நரேந்திர கோசுவாமியைச் சிறைக்குள்ளேயே கன்னையலால் தத்தரும் சத்தியேந்திரநாத வசுவும் சுட்டுக்கொன்றனர். அரச வழக்கறிஞர் ஆசுதோஷ் பிஸ்வாசர் 1909 பெப்புருவரியிலும், வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி சம்சுல் ஆலம் 1910 சனவரியிலும் மாண்டனர். கிங்ஸ்போர்ட் துரைக்கு யாதொரு தீங்கும் நேர்ந்திலது. அந்நியனை நோக்கி எடுத்த படைக்கலம் முதலில் அப்பாவிகளையும், பின்பு சொந்த நாட்டவரையும், தன் கூட்டத்திலிருந்து விலகியவனையுமே வீழ்த்தியது. இரகசியச் சங்கத்தின் இயல்பே இஃது எனலாம். மறைவில் வாழ்வோர்க்கு, தொலைவிலுள்ள பகைவனினும் தம்மைக் காட்டிக்கொடுக்கக்கூடிய அயலானே அஞ்சத்தக்கவனாகிறான்.

இத்தீ தமிழ்நாட்டையும் தொட்டது. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை நிறுவிய சுதேசிக் கப்பற் கம்பெனியின் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் நம் கொழும்புக்குமிடையே ஓடின. 1908இல் அவர்க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டதாயினும் கப்பற் கம்பெனி அழிந்தது. அம்மனக்கொதிப்பின் நடுவே, நீலகண்ட பிரமசாரி முதலியோர் திருநெல்வேலிப் பகுதியில் இரகசியச் சங்கம் அமைத்துக் காளியின்முன் சத்தியஞ் செய்வித்தனர். 1911ஆம் ஆண்டு யூன் 17ஆந் திகதி மணியாச்சிப் புகையிரத நிலையத்திற் கலெக்டர் ஆஷ் துரையை அவர் மனைவியின் கண்ணெதிரே செங்கோட்டை வாஞ்சி ஐயர் சுட்டுக்கொன்று, தாமும் சுட்டுக்கொண்டு மாண்டார். அவர் சட்டைப்பையிலிருந்த கடிதம், மிலேச்சர் சனாதன தருமத்தை அழிக்கின்றனர் என்பதையே கொலைக்குக் காரணமாகக் கூறிற்று. அரசியற் குறை சமயக் குறையாக மொழிபெயர்க்கப்பட்டுவிட்டமையை அக்கடிதம் தெளிவுறக் காட்டும். வரியையும் கப்பலையும் பற்றிய வழக்கிற்குச் சமாதானம் உண்டு. தருமத்திற்கும் மிலேச்சருக்கும் இடைப்பட்ட போருக்கு நடுவழி யாது?

இனி, கீதை இச்செயல்களுக்கு இடந்தருகின்றதா என்னும் வினாவை எதிர்கொள்ளல் வேண்டும். பலன் கருதாது கடமையைச் செய்க என்பதும், ஆன்மா அழிவற்றது என்பதும் கீதையின் உபதேசங்கள் என்பதை மறுப்பாரில்லை. முசபர்பூர் நிகழ்ச்சி பற்றி எழுதியமைக்காக ஆறாண்டுச் சிறைபெற்ற திலகர், மாந்தளைச் சிறையிலிருந்து எழுதிய கீதா ரகசியத்திற் கீதையைக் கருமயோக நூலாகவே விளக்கினார். காந்தியடிகளோ, 1909இல் இலண்டனில் இந்திய இளைஞரின் வன்முறைக் கருத்துக்களை நேரிற் கேட்டு, திரும்புங் கப்பலிலேயே இந்து சுவராஜ்யம் என்னும் நூலை மறுப்பாக எழுதினார். கீதையின் போர் உள்ளத்தில் நிகழும் போரே என்றார். பெரியோர் இருவர் ஒரே நூலிலிருந்து வேறுபட்ட முடிபுகளைப் பெற்றனராதலின், நூலின்மீது பழிபோடுதல் பொருந்தாது.

யாம் கருதுவது இது. குருட்சேத்திரத்திலே இரு படைகளும் பகலில் எதிரெதிரே நின்றன, சங்குகள் முழங்கின, எதிர்நிற்பார் யாவர் என்பதை அருச்சுனன் பெயர் பெயராக அறிந்தான், அறிந்து நடுங்கினான். அந்நடுக்கத்தைக் கண்ணன் பதினெட்டு அத்தியாயங்களால் எதிர்கொண்டான். இருளிலே மூடிய வண்டிமீது குண்டெறிபவன் உள்ளே இருப்பவர் யாவர் என்பதையே அறியான். அஃதன்றியும், எல்லாம் உபதேசித்த பின்பு, நன்கு ஆராய்ந்து நீ விரும்பியவாறு செய்க என்று முடிவைக் கண்ணன் அருச்சுனனிடமே விடுகின்றான். சங்கத்தின் சபதமோ ஆராயும் உரிமையையே முதற்கண் பறித்துக்கொண்டது. கடவுளே சீடனுக்கு விட்டுக்கொடுத்த உரிமையைச் சங்கத் தலைவர் விட்டுக்கொடுத்திலர். கீதையைக் கையிற் பிடித்துக்கொண்டே கீதையின் முடிபைக் கைவிட்ட இடம் இதுவேயாம்.

இவர்தம் முயற்சியாற் பயன் விளைந்ததா? 1911 திசம்பரில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டது உண்மையே. ஆயினும் அதற்கு ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்ட சுதேசி இயக்கமே பெருங்காரணம் எனல் பொருந்தும். ஆங்கிலேயர் சிலரைக் கொல்வதால் நாடு விடுதலையடையும் என்று தாம் எண்ணவில்லை என்றும், துணியவும் சாகவும் மக்களுக்குக் காட்டுவதே நோக்கம் என்றும் பாரீந்திரரே ஒப்புக்கொண்டார். மறுபுறம், தேவிபூசையும் கீதையும் சூழ்ந்த சபதம் வங்கத்தின் பாதிக்கு மேற்பட்டோரான முஸ்லிம்களை வாயிலிலேயே நிறுத்தியது. பாரிசில் வெடிகுண்டு வித்தை கற்ற ஹேமச்சந்திரரே பின்னாளில் எழுதிய நூலிற் புரட்சியையும் சமயத்தையும் கலந்தமையைக் கண்டித்தார். இச்சதிகளை ஆராய்ந்த றௌலற் குழுவின் அறிக்கை 1918இல் வெளிவர, மறுவருடம் அதன்வழி வந்த கொடுஞ்சட்டம் குற்றமற்ற மக்கள்மீதும் பாய்ந்தது.

அவ்வறிக்கையின் அட்டவணை ஒன்று ஆசிரியராயினார் நெஞ்சைத் தைப்பது. 1907 முதல் 1917 வரை வங்கத்திற் குற்றவாளிகளாகக் காணப்பட்டோரும் செயலிடையே மாண்டோருமாக 186 பேர் அதிற் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் 165 பேர் பிராமணர், காயஸ்தர், வைத்தியர் என்னும் கற்ற வகுப்பினர். 16 முதல் 25 வரையான வயதினர் 124 பேர். மாணவர் 68 பேர்; ஆசிரியர் 16 பேர். அஃதாவது, அந்தப் பாதை பாடசாலையின் வழியாகவே சென்றது. மாணவனின் தூய உள்ளமும், ஆசிரியன்மீது அவன் வைத்த நம்பிக்கையுமே சங்கங்களுக்கு முதலாயின.

தலைவர்களிற் சிலர் பிற்காலத்தில் வேறுவழி கண்டனர். அலிப்பூர்ச் சிறையிற் கீதையைப் புதிதாகப் பயின்ற அரவிந்தர் 1909இல் விடுதலையாகி, 1910இற் புதுச்சேரி சேர்ந்து யோகியானார். நீலகண்ட பிரமசாரி சிறைமீண்டு, நெடுங்காலம் அரசியலில் உழன்றபின் நந்திமலையில் துறவியாய் வாழ்ந்தார். அவர்களுக்கு மறுபடி சிந்திக்கக் காலம் கிடைத்தது. குதிராமுக்கும் வாஞ்சிக்கும், வண்டியில் வந்த பெண்டிருக்கும் அது கிடைத்திலது.

கால் நூற்றாண்டுக்கு மேலாகப் போரைக் கண்ட நாட்டில் வாழும் நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. மாணவர்க்குத் தாய்நாட்டன்பையும் சமயப்பற்றையும் ஊட்டாது விடுவோமாயின் அவர்கள் வெறுமையராவர். ஆதலின் அவற்றை ஊட்டவே வேண்டும். ஆனால் அவற்றோடு வினாவும் உரிமையையும் சேர்த்து ஊட்டல் வேண்டும். எந்தத் தலைவன் சிந்திக்காதே என்கின்றானோ, எந்தச் சபதம் தாயிடமும் மறைக்கச் சொல்கின்றதோ, அங்கே தெய்வத்தின் பெயர் எத்துணை உரத்து ஒலிப்பினும் தருமம் இல்லை என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். அதனைக் கற்பித்தல் கீதையைக் கற்பித்தலின் ஒரு பகுதியேயாம்.