பச்சை டிக்கைப் பார்த்து ஏமாறாதீங்க!

இ-மெயிலில் வரும் வேலை ஆர்டர் அசலா? போலியா?

இளையரசனேந்தல்:-

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இளையரசனேந்தல் போன்ற ஊர்களில் ஒரு காலத்தில் கர்ணத்தின் கையெழுத்து பலருக்கும் அத்துப்படி. நகலைப் பார்த்ததுமே, “இது அவரு எழுத்து இல்லையே!” என்று சொல்லிவிடுவார்கள்.

1980-ல் கர்ணம் பதவி ஒழிந்தது. இன்று சாதிச் சான்றும் வருமானச் சான்றும் டிஜிட்டல் கையெழுத்தோடு வருகின்றன. வேலை ஆர்டர் இ-மெயிலிலேயே வருகிறது. கண்ணால் பார்த்து அசலா, போலியா என்று சொல்ல முடியாது.

மோசடிப் பேர்வழிகளுக்கு இதுதான் வசதி!

“சார், கோபுர முத்திரை இருக்கே... ஆபீசர் கையெழுத்து இருக்கே...” என்று நம்பி, நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. அந்த முத்திரையும் கையெழுத்தும் வெறும் படம். வெட்டி ஒட்ட அஞ்சு நிமிஷம் போதும். அனுப்பியவர் பெயரைக்கூட இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு சாவி

உண்மையான டிஜிட்டல் கையெழுத்து படம் அல்ல, கணக்கு. கையெழுத்துப் போடுகிறவரிடம் இரண்டு சாவி. ஒன்று ரகசியச் சாவி. பென்-டிரைவ் போன்ற ‘டோக்க’னில், ரகசிய எண்ணுக்குள் பூட்டி இருக்கும். மற்றது பொதுச் சாவி. அதை யாரும் பார்க்கலாம்.

ரகசியச் சாவியால் போட்ட கையெழுத்து, அதன் ஜோடியான பொதுச் சாவிக்கு மட்டுமே ஒத்துப்போகும். சம்பளம் 15 ஆயிரம் என்பதை 75 ஆயிரம் என்று ஓர் எண்ணை மாற்றினாலும் குட்டு உடைந்துவிடும். 1976, 77-ல் அமெரிக்காவில் வெளியான வித்தை இது. நம் நாட்டில் 2000-ம் ஆண்டு சட்டம் இதற்கு அங்கீகாரம் தந்தது.

“அந்தப் பொதுச் சாவி அவருடையதுதான் என்று யார் சொன்னது?” நியாயமான கேள்வி! லைசென்சு பெற்ற நிறுவனங்கள் ஆளை விசாரித்துச் சான்றிதழ் தருகின்றன. அவற்றுக்கு மேலே மத்திய அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி இருக்கிறார்.

அமுக்கிப் பாருங்க

பி.டி.எப். கடிதத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, கையெழுத்தின் மேல் ‘கிளிக்’ செய்யுங்கள். யார் போட்டது, பிறகு திருத்தப்பட்டதா என்று காட்டும். மஞ்சள் கேள்விக்குறி வந்தால் உடனே போலி என்று அர்த்தமில்லை. யாரை நம்புவது என்று உங்கள் கம்ப்யூட்டருக்கு இன்னும் சொல்லித்தரவில்லை. சிவப்புப் பெருக்கல் குறி வந்தால் மட்டும் ஒரு பைசா கட்டாதீங்க.

பச்சை ‘டிக்’கையே படமாக ஒட்டி அனுப்பினால்? அமுக்கினால் ஒன்றும் திறக்காது. அசல் டிக்காகவே இருந்தாலும் பெயரைப் படியுங்கள். தன் சொந்தப் பெயரில் சான்றிதழ் வாங்கி, அரசாங்க ஆர்டரில் கையெழுத்துப் போடவும் ஆள் இருக்கலாமே!

பிரிண்ட் எடுத்த தாளில் இந்தச் சோதனை நடக்காது. குமாஸ்தாக்கள் சான்றிதழ் எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆடிட்டர் மேஜையில்...

கம்பெனி நடத்தும் வியாபாரிகள் பலரின் டோக்கன், ரகசிய எண்ணோடு ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரில் கிடக்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கதைதான்! ரகசியச் சாவியைப் பாதுகாப்பது உரியவரின் பொறுப்பு என்கிறது சட்டத்தின் 42-வது பிரிவு. அடுத்தவர் கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66-சி பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம்.

டோக்கன் தொலைந்தால் கொடுத்த நிறுவனத்துக்கு உடனே சொல்லி ரத்து செய்ய வேண்டும். பணத்தைப் பறிகொடுத்தவர்கள் 1930-க்கு போன் செய்யலாம்.