காற்று வீசும் திடலில் மாதிரி ராக்கெட்

தீபாவளிக்கு வாணம் விடுகிறவர் அது எங்கே போய் விழுகிறது என்று கவலைப்படுவதில்லை. மாதிரி ராக்கெட்டின் செய்தி வேறு. அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்து நார்போக் நகரில் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் என்பவர் 1954-ஆம் ஆண்டில் ஒரு சிறு ராக்கெட்டைச் செய்தார். அது பாராசூட்டை விரித்துப் பழுதின்றித் தரைக்குத் திரும்பியது. புது எஞ்சினைப் பொருத்தியதும் மீண்டும் பறந்தது. ஆகவே, ஏவுவதோடு இக்கலை முடிந்துவிடுவதில்லை; ஏவியதைத் திரும்பப் பெறவும் வேண்டும். சிறு திடலில் காற்றும் வீசினால் அதுவே கடினமான பகுதி.

மாணவர்களே, ஒரு கணக்கைப் பாருங்கள். ராக்கெட் 300 மீட்டர் உயரத்தில் பாராசூட்டை விரித்து, வினாடிக்கு 5 மீட்டர் வீதம் இறங்குகிறது என்று கொள்வோம். தரையை அடைய 60 வினாடி ஆகும். காற்றின் வேகமும் வினாடிக்கு 5 மீட்டரானால், ராக்கெட் 300 மீட்டர் தொலைவு அடித்துச் செல்லப்படும். பள்ளித் திடல் அதற்குப் போதுமா? காற்றை நாம் குறைக்க இயலாது. இறங்கும் நேரத்தைக் குறைக்கலாம். பாராசூட்டின் நடுவே துளையிடலாம். சிறிய பாராசூட்டைக் கட்டலாம். ராக்கெட் மிக இலேசானதானால் பாராசூட்டுக்குப் பதில் நீண்ட நாடாவே போதும். இறங்கும் வேகம் இரு மடங்கானால் தொலைவு 150 மீட்டராகும். சிறிய எஞ்சினைக் கொண்டு உயரத்தையும் பாதியாக்கினால் 75 மீட்டர்தான். கனத்த ராக்கெட்டுக்கு இந்த அவசரம் ஆகாது. வால் துடுப்புகள் முறிந்துபோகும். உயரம் குறைகிறதே என்று இளைஞர்கள் வருந்துவதுண்டு. காணாமற்போன ராக்கெட் எவ்வளவு உயரம் சென்றிருந்தால்தான் என்ன?

மேலே எழும்போது ராக்கெட் வேறொரு விந்தை செய்யும். காற்று வால் துடுப்புகளைத் தள்ள, மூக்கு காற்று வரும் திசைக்கே திரும்பும். மெதுவாகக் கிளம்பும் ராக்கெட்டில் இது மிகுதி. ஆதலால் ஏவுகோலைக் காற்றுக்கு எதிராகச் சிறிதளவு சாய்த்தாலே போதும். காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் வீசினால் ஏவவே கூடாதென்பது அமெரிக்கத் தேசிய ராக்கெட் சங்கத்தின் விதி. மின்கம்பியில் சிக்கியதை எடுக்க முயலக்கூடாது என்பதும் அவ்விதிகளில் ஒன்று. அதற்கு விலக்கே இல்லை. அட்டைக் குழாய்க்காக உயிரைப் பணயம் வைப்பது அறிவீனம்.

திடலுக்கு வெளியே விழுந்துவிட்டால், உடனே ஓடாதீர்கள். இருவர் வெவ்வேறு இடங்களில் நின்று, அது மறைந்த திசையில் தெரியும் ஒரு மரத்தையோ கூரையையோ குறித்துக்கொள்ளட்டும். அந்த இரு கோடுகளும் சந்திக்கும் இடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.