கறுப்பு ரம்மும் கருகிய சர்க்கரையும்

வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு தேக்கரண்டி கறுப்பு ரம்மை ஊற்றி, மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் சாராயமும் தண்ணீரும் பறந்துபோயிருக்கும். தட்டில் பழுப்புக் கறை ஒன்றுதான் மிஞ்சும். அதில் விரலை வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால், சர்க்கரையோ கருக்கிய சர்க்கரைப்பாகோ கடைசியில் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒட்டாமல் மெல்லிய படலமாக உலர்ந்திருந்தால், இனிப்பு அதிகம் சேர்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கரும்பு இனிக்கும், அதனால் ரம்மும் இனிக்கிறது. மொலாசஸ் கறுப்பு, அதனால் ரம்மும் கறுப்பு. குடிப்பவர்களும் குடிக்காதவர்களும் பொதுவாக இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் கரும்பின் இனிப்பும் சரி, மொலாசஸின் கறுப்பும் சரி, வடிகலத்தைத் தாண்டி வருவதே இல்லை. புட்டியில் நாம் பார்க்கும் கறுப்பும் நாக்கில் படும் இனிப்பும் பிறகு வந்து சேர்ந்தவை.

மூன்று கொதிக்குப் பிறகு

கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சர்க்கரை ஆலை உள்ள ஊர். ஆலை நடத்தும் நிறுவனத்தைச் சென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1788-இல் மதராஸ் வந்திறங்கி, பாரிமுனைக்குத் தன் பெயரை விட்டுச்சென்ற தாமஸ் பாரியின் வழிவந்த ஈ.ஐ.டி. பாரிதான் அது. அந்த ஈ.ஐ.டி., ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் என்ற பழைய சாராய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். சர்க்கரை ஆலைக்குப் பக்கத்திலேயே சாராய ஆலையும் இருப்பது அந்தக் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. இரண்டையும் இணைப்பது மொலாசஸ்.

பிழிந்த கரும்புச்சாற்றைச் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொடுத்துத் தெளியவைப்பார்கள். பிறகு காற்றழுத்தம் குறைத்த பெரிய கலனில் கொதிக்கவிட, சாறு இறுகிச் சர்க்கரை படிகமாகும். வேகமாகச் சுழலும் சென்ட்ரிஃபியூகல் எந்திரம் படிகத்தை நிறுத்திக்கொண்டு பாகை வெளியே தள்ளும். இது 'ஏ' மொலாசஸ். அதில் இன்னும் சர்க்கரை இருப்பதால் மறுபடி கொதிக்கவிடுவார்கள், அடுத்தது 'பி'. மூன்றாவது கொதியும் முடிந்து வருவது 'சி'. இதற்குமேல் காய்ச்சினால் விறகுக்குக்கூடக் கட்டுப்படியாகாது என்ற கட்டத்தில் மிஞ்சும் இந்தக் கெட்டிக் கறுப்புப் பாகுக்கு அரசு ஆணைகளில் 'கழிவுப்பாகு' என்று பெயர். மேலை நாடுகளில் 'பிளாக்ஸ்ட்ராப்' என்கிறார்கள். அங்கே சில மதுக்கடைகள் 'பிளாக்ஸ்ட்ராப் ரம்' என்று தனி ரகமாக விற்பதைப் பார்த்து இங்கே வியக்க வேண்டியதில்லை. இந்திய ரம்மில் பெரும்பகுதி வழிவழியாக இந்தக் கழிவுப்பாகிலிருந்து வந்ததுதான்.

ஒரு டன் கரும்புக்குச் சுமார் 40 முதல் 45 கிலோ கழிவுப்பாகு கிடைக்கும். கழிவு என்று பெயர் இருந்தாலும் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி இன்னும் சர்க்கரைதான். மீதியில் பொட்டாசியம், கால்சியம், இரும்பு உப்புகள், கந்தகச் சேர்மங்கள், கரும்பிலிருந்து வந்த அமினோ அமிலங்கள் எல்லாம் உண்டு. ஒவ்வொரு கொதியிலும் சர்க்கரையின் ஒரு பகுதி இந்த அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து, மெலனாய்டின் என்ற கரும்பழுப்பு நிறப் பெருமூலக்கூறுகளாக மாறுகிறது. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெயிலார்டின் பெயரால் மெயிலார்ட் வினை என்று அழைக்கிறோம். மயிலாப்பூர் மெஸ்ஸில் தோசை முறுகுவதும், டிகிரி காபிக்குக் கொட்டை வறுபடுவதும் இதே வினையால்தான். கழிவுப்பாகின் கறுப்பும், கசப்பும் கருகலும் கலந்த அதன் மணமும் பெரும்பாலும் இதன் கைவரிசை.

கறுப்பு எங்கே போகிறது?

கழிவுப்பாகைத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து ஈஸ்ட் சேர்த்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். கரும்பின் இனிப்பு இங்கேயே முடிந்துபோகிறது. மிஞ்சும் கொஞ்சநஞ்சச் சர்க்கரையும் காய்ச்சி வடிக்கும்போது மேலே எழாது. ஆவியாகக்கூடியதுதான் குழாய் ஏறும். சர்க்கரை ஆவியாகாது, மெலனாய்டினும் ஆவியாகாது.

அதனால் வடிகலத்திலிருந்து சொட்டும் சாராயம் தண்ணீர் மாதிரி நிறமற்று இருக்கும். கறுப்பு முழுக்கக் கலனின் அடியில் தங்கிவிடும். ஒரு லிட்டர் சாராயத்துக்கு 8 முதல் 15 லிட்டர் வரை வெளியேறும் இந்தக் கருந்திரவத்தை ஆலைக்காரர்கள் 'ஸ்பென்ட் வாஷ்' என்கிறார்கள். மெலனாய்டினை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்காததால், ஆற்றிலும் ஏரியிலும் கலந்தால் தண்ணீர் கறுத்து உயிர்வளி குறைந்துவிடும். சாராய ஆலைகள் மீது மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் கண்வைத்திருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தக் கருந்திரவம்.

ஒரு டன் கழிவுப்பாகிலிருந்து ஏறக்குறைய 225 லிட்டர் சாராயம் வரும். உயரமான அடுக்குக் கோபுரங்களில் வடித்து 96 விழுக்காடு வரை சுத்திகரித்தால் கரும்பின் வாசமும் ஏறக்குறைய போய்விடும். நம் ஊரில் பிராந்தி, விஸ்கி என்ற பெயர்களில் மலிவாக விற்பவற்றில் பலவற்றுக்கும் அடிப்படை இதே சாராயம்தான். ரம்மில் ரம்மின் குணம் இருக்க வேண்டுமானால், முழுக்கச் சுத்திகரிக்காமல் மணச்சேர்மங்களைக் கொஞ்சம் விட்டுவைத்து வடிக்க வேண்டும். செம்புக் கலன்கள் இதற்கு உதவும். கழிவுப்பாகிலிருந்து வரும் நாற்றம்பிடித்த கந்தகச் சேர்மங்களைச் செம்பு பிடித்துக்கொள்ளும். பழ வாசனை தரும் எஸ்டர்களைப் போகவிடும்.

திரும்பி வரும் கறுப்பு

நிறத்துக்கு இரண்டு வழிகள். முதலாவது, உட்புறம் கருக்கிய ஓக் மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் ஊறப்போடுவது. மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலின் தரும்; ஓக் லாக்டோன் தேங்காய் வாசம் தரும். வெப்ப நாட்டில் இது சீக்கிரம் நடக்கும், ஆனால் விலையும் கொடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிறது என்றால், பெங்களூரில் அது 10 விழுக்காட்டையும் தாண்டும்.

இரண்டாவது, கருக்கிய சர்க்கரை. கேரமல் நிறமி என்று லேபிளில் இருக்கும். உலகெங்கும் கறுப்பு ரம்களில் இது சர்வசாதாரணம். மேற்கத்திய பிளாக்ஸ்ட்ராப் ரம்களின் மையிருட்டு நிறத்துக்கும் இத்தகைய சேர்ப்புதான் காரணம். 1954 டிசம்பரில் அறிமுகமாகி, காசியாபாத்தின் மோகன் மீக்கின் நிறுவனத்தை வீட்டுக்கு வீடு தெரியவைத்த ஓல்டு மாங்க் ஏழாண்டு ஊறியது என்று சொல்லி விற்கப்படுகிறது. வயதைச் சொல்ல வேண்டியது இப்படி லேபிள்தான். நிறத்தைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டு ஆண்டுச் சரக்கையும் இருபது ஆண்டுச் சரக்குபோல் கறுக்கவைக்க ஒரு கரண்டி பாகு போதும்.

இனிப்பின் கதையும் இதுவே. வனிலின் வாசம் மூக்கில் பட்டால், சர்க்கரை இல்லாதபோதும் மூளை இனிப்பை எதிர்பார்க்கும். அதற்கு மேலும் நாக்கு இனித்தால் யாரோ சேர்த்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் இப்போதைய விதிப்படி, ரம் என்று விற்கும் எதிலும் இனிப்பூட்டும் பொருள் லிட்டருக்கு 20 கிராமைத் தாண்டக் கூடாது.

எதோடு சேரும்?

ரம்மில் இருக்கும் ஐசோஅமைல் அசிடேட் வாழைப்பழ வாசனை தருவது. எத்தில் பியூட்டிரேட் அன்னாசி வாசனை தருவது. அதனால்தான் இந்த இரண்டு பழங்களோடும் தேங்காய்ப்பாலோடும் ரம் பொருந்திப்போகிறது. நெய்யில் நேந்திரம்பழத்தை வதக்கி, கருப்பட்டிப் பாகும் கடைசியில் ஒரு தேக்கரண்டி கறுப்பு ரம்மும் விட்டால், பழத்தில் ஏற்கெனவே உள்ள மணம் ஒரு படி தூக்கலாகத் தெரியும். கேரமல் கஸ்டர்டிலும் அப்படித்தான்.

கறுப்பு ரம்மின் பலவீனம் தித்திப்பு. அதைச் சமன்செய்யப் புளிப்போ காரமோ கசப்போ வேண்டும். எலுமிச்சையும் இஞ்சியும் எடுபடுவது இதனால். கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் புளிப்பைத் தருகிறது. கசப்புக்கு நல்ல உதாரணம் 1970-களில் கோலாலம்பூர் ஹில்டன் ஹோட்டலில் பிறந்த 'ஜங்கிள் பேர்டு' என்ற கலவை: கறுப்பு ரம், அன்னாசிச் சாறு, எலுமிச்சை, கூடவே இத்தாலியக் கசப்பு மது கம்பாரி. பிளாக்ஸ்ட்ராப் ரம் சேர்த்துச் செய்யும் வடிவம்தான் இன்று பல ஊர்களின் மதுக்கூடங்களில் பிரபலம்.

சளிக்கு மருந்தா?

ராணுவத்தில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ கேன்டீனில் வாங்கிவரும் 'மிலிட்டரி ரம்' நம் பல வீடுகளில் பீரோவுக்குள் மருந்தாகக் குடியிருக்கும். மழைக்காலத்தில் இருமினால் மிளகுத்தூள் போட்டு ஒரு மூடி. குடித்ததும் உடம்பு சூடாவதுபோல் தோன்றுவது நிஜம். ஆனால் தோலடி ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்கும் வெப்பம் மேலே வருவதால் ஏற்படும் உணர்வு அது; உடல் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது. சளி வைரஸை அது ஒன்றும் செய்யாது. மூக்கடைப்பு விட்டதுபோல் தோன்றினால் புகழ் மிளகுக்குப் போகட்டும். குடிப்பதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது.

கேக்கில் ஊறும் ரம்

சென்னையில் ரம் குடிக்காதவர்களும் ரம்மைச் சந்திக்கும் மாதம் டிசம்பர். சாந்தோம் வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக்குக்காக அக்டோபர், நவம்பரிலேயே உலர்திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல், முந்திரி எல்லாவற்றையும் நறுக்கி, கிராம்பும் பட்டையும் போட்டு, ரம் ஊற்றி ஜாடியில் மூடிவைத்துவிடுவார்கள். பெரிய ஹோட்டல்களில் 'கேக் மிக்சிங்' என்று இதை விழாவாகவே நடத்துகிறார்கள். ஆரஞ்சுத் தோலின் லிமோனீன், கிராம்பின் யூஜினால், பட்டையின் சின்னமால்டிஹைடு ஆகியவை தண்ணீரில் சரியாகக் கரையாதவை; ரம்மில் உள்ள 42.8 விழுக்காடு சாராயத்தில் அதைவிட நன்றாகக் கரையும். அந்த மணம் முழுக்கத் திராட்சைக்குள் ஏறும். உலர்பழத்தில் ஈரம் குறைவு, மேலே சாராயம். பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை.

பிளம் கேக்கின் கறுப்பு நிறமோ ரம் கொடுத்தது இல்லை. வாணலியில் சர்க்கரையைத் தனியாகப் போட்டு உருக்கினால் முதலில் பொன்னிறம், பிறகு செம்பழுப்பு; புகை கிளம்பும் நொடியில் வெந்நீரை ஊற்றி நிறுத்த வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் கசந்துவிடும். சீறிக்கொண்டு அடங்கும் அந்தக் கரும்பாகுதான் கேக்கைக் கறுக்கவைக்கிறது. ரம் ஆலையின் கேரமல் நிறமியும் அடிப்படையில் கருக்கிய சர்க்கரைதான்.

சாராயம் 78 டிகிரியில் கொதிக்கும் என்பதால் அடுப்பில் முழுக்கப் போய்விடும் என்று பேக்கரியில் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். தண்ணீரோடும் மாவோடும் கலந்த சாராயம் அவ்வளவு சுலபமாக வெளியேறாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, கலவையில் சேர்த்து ஒரு மணி நேரம் வேகவைத்தாலும் சுமார் 25 விழுக்காடு தங்கும். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 விழுக்காடு இருக்கும். வெந்த கேக்கின் மேல் ரம் தெளித்து ஊறவைத்தால் அது போவதற்கு வழியே இல்லை. ஒரு துண்டில் இருப்பது போதை தரும் அளவில்லை என்றாலும் சிலருக்கு அதுவும் கூடாது. குடியை விட்டவர்களுக்கு மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிரம் மாத்திரை, சொற்பச் சாராயம் உள்ளே போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரவைக்கும். மாத்திரை இல்லாமல் மீண்டவர்களுக்கும் அந்த வாசமே சோதனை. அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் குடிநோய்க்குச் சிகிச்சை அளித்துவருகிறது. அப்படி மீண்டவர்கள் நம் அக்கம்பக்கத்திலும் இருப்பார்கள். இந்த டிசம்பரில் பக்கத்து வீட்டுக்குக் கேக் கொடுத்தனுப்பும்போது, டப்பா மேல் 'ரம் சேர்த்தது' என்று ஒரு வரி எழுதி ஒட்டிவிடுங்கள்.