ஜார்ஜியாவில் ஒரு குதிரை மாற்று

சென்ற வாரம் வாஷிங்டன் இர்விங்கோடு ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்தோம். இந்த வாரம் தெற்கே, ஜார்ஜியாவுக்குப் போகலாம். 1835-இல் அகஸ்டா நகரத்தில் ஒரு செய்தித்தாள் அச்சகத்தில் அச்சான 'ஜார்ஜியா காட்சிகள்' நம்மை அங்கே கூட்டிப்போகிறது. முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. ஜார்ஜியாவில் பிறந்த ஒருவர் எழுதியது என்று மட்டும் இருந்தது. அவர் அகஸ்டஸ் பால்ட்வின் லாங்ஸ்ட்ரீட். யேலில் படித்தவர், வழக்கறிஞர், நீதிபதி. தன் ஊர்ப்பக்கத்து மனிதர்களின் பேச்சையும் வம்பையும் முதலில் பத்திரிகைகளில் எழுதி, பிறகு 19 சித்திரங்களாகத் தொகுத்தார்.

அவற்றில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது 'குதிரை மாற்று'. எல்லோ பிளாசம் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஓர் இளைஞன், தெருவில் புல்லட் என்ற குதிரையில் ஆர்ப்பாட்டமாக வருகிறான். மாற்று வியாபாரத்தில் தன்னை வெல்ல ஆளில்லை என்று கூவுகிறான். பீட்டர் கெச் என்ற கிழவர் கிட் என்ற தன் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். வெகுநேரம் பேரம் நடந்து குதிரைகள் கைமாறுகின்றன. சேணத்தை எடுத்து, அடியிலிருந்த கம்பளியை விலக்கினால் புல்லட்டின் முதுகில் பெரிய ரணம். அந்த வலியில்தான் அது அத்தனை துள்ளு துள்ளியிருக்கிறது! கூட்டம் கிழவரைக் கேலி செய்கிறது. அப்போது அவருடைய மகன் வாய் திறக்கிறான்: கிட்டுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

கதை இந்தச் சிரிப்பில் முடிகிறது. ஆனால் அதற்கு முன்பே, அந்த ரணத்தைக் கண்டு கதைசொல்லி நெஞ்சு பதறுகிறார். அதன்மேல் சேணம் போட்டு ஏறியவன்மேல் கடுங்கோபம் கொள்கிறார். கூட்டத்தில் வேறு யாருக்கும் அந்த வேதனை உறைக்கவில்லை. லாங்ஸ்ட்ரீட்டை வெறும் வேடிக்கை எழுத்தாளர் என்று ஒதுக்குபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கதைசொல்லியின் ஆங்கிலம் சலவை செய்தது; பிளாசம் பேசுவது கொச்சை. வாசகர் மனத்தில் தங்குவது அந்தக் கொச்சைதான். 1836-இல் இதற்கு மதிப்புரை எழுதிய எட்கர் ஆலன் போ வாய்விட்டுச் சிரித்ததாக ஒப்புக்கொண்டார். அரை நூற்றாண்டு கழித்து மார்க் ட்வெய்ன் கனவான் கதைசொல்லியை விலக்கிவிட்டு, ஹக்கிள்பெரி ஃபின் என்ற சிறுவனின் வாயிலேயே ஒரு நாவல் முழுவதையும் ஒப்படைத்தார். அதற்கான தடம் இங்கே விழுந்துவிட்டது என்பது என் எண்ணம்.

தொகுப்பில் ஒரு சித்திரம் மட்டும் லாங்ஸ்ட்ரீட் எழுதியதில்லை. ஊர்ப்படையின் அலங்கோலமான அணிவகுப்பைப் பற்றிய அதை எழுதியவர் ஆலிவர் ஹில்ஹவுஸ் பிரின்ஸ். அது கடல் கடந்து ஒரு போர் வரலாற்று நூலில் புகுந்து, அங்கிருந்து தாமஸ் ஹார்டியின் 1880-ஆம் ஆண்டு நாவலான 'தி ட்ரம்பெட் மேஜர்' வரை போனது. ஹார்டிமீது திருட்டுப் பழியும் விழுந்தது.

லாங்ஸ்ட்ரீட் பின்னாளில் மெதடிஸ்ட் போதகரானார், எமரி கல்லூரியின் தலைவரானார். அடிமை முறையை ஆதரித்தும் எழுதினார். ஒரு குதிரையின் முதுகு ரணத்துக்குப் பதறிய அதே கை அது. இதை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. நீங்களும் கடக்க வேண்டாம்.

படிக்க விரும்புவோர் டேவிட் ரேச்சல்ஸ் பதிப்பித்து 1998-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட முழுத்தொகுப்பைத் தேடுங்கள். 1835 நூலில் இடம்பெறாத கதைகளும் அதில் உண்டு.

அடுத்த வாரம், தாமஸ் பாங்ஸ் தார்ப் 1841-இல் எழுதிய ஆர்கன்சாஸ் கரடி.

(தொடரும்)