தவணையில் ஓடும் வண்டி

கோயம்புத்தூரில் அவினாசி சாலையின்மேல், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை, ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் ஒன்று 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பெற்றது. அதற்கு ஜி. டி. நாயுடு அவர்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பாலத்தின் கீழே செல்லும் பழைய சாலையின் இருமருங்கிலும் மோட்டார்க் கார் விற்கும் கண்ணாடி மாளிகைகளைக் காணலாம். பெயருக்கு உரியவரோ 1920-ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். அந்த வண்டியைக் கோவையில் வாணிகம் செய்துவந்த ஸ்டேன்ஸ் துரை கடனாகத் தந்து, அன்றாட வசூலிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் கொங்கு நாட்டின் மோட்டார்க் கதையே தவணையில்தான் பிறந்தது எனலாம்.

மாணவ நேயர்களே, தவணை என்பது நமக்குப் புதியதன்று. உழவு மாட்டைச் சந்தையில் பிடித்துவந்து, அறுவடையில் பணம் கொடுத்தவர்கள் நம் முன்னோர். ஆயினும் ஒரு பொருளைக் கொண்டுபோய்ப் பயன்படுத்திக்கொண்டே மாதந்தோறும் விலையைக் கட்டுவது என்னும் முறை ஒழுங்குபட்ட வாணிகமாக வளர்ந்தது கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் சிங்கர் தையல் இயந்திரம் இவ்வாறு விற்கப்பட்டது. இங்கிலாந்தில் பியானோவை இப்படி வாங்கினார்கள். தவணை முடியாத பியானோ யாருக்குச் சொந்தம் என்னும் வழக்கு ஒன்று 1895-இல் பிரபுக்கள் சபை வரை சென்றது. கடைசித் தவணையைக் கட்டி வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்தும்வரை எடுத்துச் சென்றவர் வாடகைக்காரரே, உடைமையாளர் அல்லர் என்பது தீர்ப்பு. 'வாடகைக் கொள்முதல்' என்று நாம் சொல்லும் முறையின் வேர் இதுவே.

மோட்டார்க் காருக்கு இம்முறை வந்தபோது அமெரிக்காவில் ஒரு கருத்துப் போர் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1919-இல் கடன் கொடுப்பதற்கென்றே ஒரு கிளைக் கம்பெனியை நிறுவியது. ஹென்றி போர்டு அதை விரும்பவில்லை. முதலில் சேமியுங்கள், பிறகு வாங்குங்கள் என்பது அவர் கொள்கை. 1923-இல் வாரந்தோறும் சிறு தொகை செலுத்தி, விலை முழுவதும் சேர்ந்தபின் காரைப் பெறும் திட்டம் ஒன்றைக்கூட அவர் நடத்திப் பார்த்தார். மக்களோ காரை முதலில் கேட்டார்கள். 1928-இல் போர்டும் கடன் கம்பெனி தொடங்கவேண்டியதாயிற்று. காலை எழுந்து கார் ஓட்டவேண்டும் என்னும் ஆசை சேமிப்பு என்னும் அறத்தை வென்ற இடம் அது. எனக்கு அந்த வகையில் போர்டின்மீது சற்றுப் பரிவு உண்டு.

நம் நாட்டுக்கு வருவோம். 1954-இல் சென்னையில் டி. எஸ். சந்தானம் அவர்கள் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1955-இல், பொள்ளாச்சியில் 'பொள்ளாச்சி கிரெடிட் சொசைட்டி' என்னும் பெயரில் ஒரு கம்பெனி பதிவாயிற்று. பின்னாளில் சக்தி பைனான்ஸ் என்று பெயர் மாறியது அதுதான். பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-இல் தொடங்கிய ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் குடும்பத்தில், அவர் மைந்தர் நா. மகாலிங்கம் அவர்களின் காலத்தில் எழுந்த நிறுவனம் இது. பஸ் நடத்திய வீடே பஸ் வாங்கக் கடன் கொடுக்கும் வீடும் ஆனதில் வியப்பில்லை. ஒரு வண்டி ஒரு நாளில் என்ன ஈட்டும், எத்தனை டயர் தின்னும், எந்த மாதம் பட்டறையில் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அக்கால வங்கிகளுக்கு அது தெரியாது. வங்கி கேட்டது அசையாத நிலத்தை. நாளைக்கு எந்த ஊரில் நிற்கும் என்று தெரியாத வண்டியை ஈடாகக் கொள்ள அது தயங்கியது.

அந்தத் தயக்கத்தின் இடைவெளியில்தான் சங்ககிரியும் திருச்செங்கோடும் நாமக்கல்லும் வளர்ந்தன. வானம் பார்த்த பூமி அது. கிணற்று நீர் வற்றிய காட்டை நம்பியிருக்க முடியாதவர்கள் லாரியில் கிளீனராக ஏறினார்கள்; ஓட்டுநரானார்கள்; நாலு உறவினரைப் பங்கு சேர்த்து, முன்பணம் கட்டி, மிச்சத்துக்குத் தவணை எழுதி, உடைமையாளரானார்கள். திருச்செங்கோட்டின் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்றன. இவ்வளவுக்கும் அடிப்படை ஓர் எளிய கணக்கு. அந்த வண்டி தன் தவணையைத் தானே சம்பாதித்தது.

இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காருக்கு வரும்போது இதுதான் மாறிவிடுகிறது.

எங்கள் இளமைக் காலத்தில் சொந்தக் கார் வாங்குவதற்குக் கடனைவிடப் பொறுமையே மிகுதியாக வேண்டும். அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணத்தக்க வகைகளே இருந்தன. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடு முழுவதிலும் ஓராண்டில் விற்ற கார்கள் ஐம்பதாயிரத்தை எட்டவில்லை. 1983-இல் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி மாருதிக்குப் பதிந்துகொள்ள மக்கள் திரண்டார்கள். அவ்வாண்டு டிசம்பர் 14-இல் முதல் கார் வெளிவந்தது. 1993-இல் கார் உற்பத்திக்கு உரிமம் வேண்டும் என்னும் விதி நீங்கியது. 1998-இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வரத் தொடங்கின. அதன்பின் வரிசையின் திசை திரும்பிவிட்டது. முன்பு வாங்குவோர் காருக்காகக் காத்திருந்தனர். இப்போது கார் வாங்குவோருக்காகக் காத்திருக்கிறது. அப்படிக் காத்திருக்கும் காரைக் கைப்பிடித்து வீட்டுக்கு அனுப்பிவைக்கும் தரகர்தான் கடன்.

உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2018-19-இல் நாட்டில் விற்ற பயணியர் வண்டிகள் சுமார் 33.8 லட்சம். தொற்றுநோய் வந்த 2020-21-இல் அது 27 லட்சமாகச் சரிந்தது. 2024-25-இல் 43 லட்சத்தைத் தாண்டியது. அந்த 43 லட்சத்தில் ஏறத்தாழ 28 லட்சம் உயரமும் அகலமுமான பெருவண்டிகள். நூற்றுக்கு அறுபத்தைந்து! சிறு காருக்குக் கட்டும் மாதத் தவணையைச் சற்று நீட்டினால் பெரிய கார் கிடைக்கும் என்று விற்பனையாளர் சொல்வது இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களின் மீதான வரி 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைந்தது. அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வீதத்தை 6.5-இலிருந்து படிப்படியாக 5.25-க்கு இறக்கியது. ஆசைக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்தது. ஆனால் நிலையான வட்டி என்று ஏற்கெனவே கையெழுத்தான பத்திரத்துக்கு அந்த வட்டிக் குறைவு எட்டாது என்பதை மறக்கலாகாது.

இனி நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கையில் ஒரு தாள். "ஆறு லட்சம் கடனுங்க ஐயா. அஞ்சு வருசம். வட்டி அம்பத்தெட்டுக் காசுதானுங்க. பேங்கை விடக் கம்மி" என்றான். நம் பக்கத்தில் வட்டியை இப்படித்தான் சொல்வார்கள்: நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு இத்தனை காசு. ஐம்பத்தெட்டுக் காசு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு. தாளில் கணக்கும் எழுதியிருந்தது. ஆறு லட்சத்துக்கு 7 விழுக்காடு வீதம் ஓராண்டு வட்டி 42,000, ஐந்தாண்டுக்கு 2,10,000. முதலும் வட்டியும் சேர்த்து 8,10,000. அதை 60 மாதத்தால் வகுத்தால் மாதம் 13,500 ரூபாய். "நீங்க சொல்லிக் கொடுத்த தனிவட்டிக் கணக்குத்தானுங்களே, சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

பெருக்கலில் பிழையில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. அதில் என் பங்கும் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தனிவட்டிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியவன் நான். முதல், காலம், வீதம் மூன்றையும் பெருக்கி நூறால் வகு என்றேன். கடன் வாங்கியவர் முழு முதலையும் ஐந்தாண்டு முடியும்வரை கையில் வைத்திருந்து, கடைசி நாளில் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்தச் சூத்திரம் பொருந்தும் என்று ஒரு நாளும் அழுத்திச் சொன்னதில்லை. தவணைக் கடனில் முதல் மாதமே முதலில் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. இரண்டாம் மாதம் அவன் கையில் இருப்பது ஆறு லட்சம் அன்று. ஐந்தாம் ஆண்டிலோ அவன் வைத்திருப்பது முதலின் சிறு பகுதியே. ஆயினும் முழு ஆறு லட்சத்துக்கும் அறுபது மாதமும் வட்டி எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியானால் உண்மை வீதம் என்ன? மாதந்தோறும் எஞ்சியுள்ள நிலுவையின்மேல் மட்டும் வட்டி கணக்கிட்டு, 13,500 ரூபாய்த் தவணையில் சரியாக 60 மாதத்தில் கடன் தீரவேண்டுமானால், வட்டி வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 12.5 விழுக்காடாக இருக்கவேண்டும். அன்றிரவு நானும் அவனும் உட்கார்ந்து ஒவ்வொரு மாதமாக எழுதிப் பார்த்தோம். முதல் தவணையில் 6,250 ரூபாய் வட்டிக்கே போயிற்று. முதலில் கழிந்தது 7,250. மூன்றாண்டு கட்டியபின், ஐந்தில் மூன்று பங்கு தீர்ந்திருக்கும், பாக்கி 2,40,000 என்று அவன் நினைத்திருந்தான். கணக்கில் வந்த நிலுவை ஏறத்தாழ 2,85,000. வங்கி 9 அல்லது 10 விழுக்காடு என்று சொன்னது அதிகமாகவும், கம்பெனி 7 என்று சொன்னது குறைவாகவும் அவனுக்குத் தோன்றியது இரண்டு வேறு அளவுகோல்களால். ஒன்று நிலுவையை அளந்தது. மற்றொன்று தொடக்கக் கடனையே அளந்துகொண்டிருந்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ரிசர்வ் வங்கி ஒரு விதி செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு தரப்படும் தனிநபர் தவணைக் கடன் ஒவ்வொன்றுக்கும், கையெழுத்துக்கு முன்பே, முக்கிய விவரங்கள் அடங்கிய தாள் ஒன்றைக் கடன் கொடுப்பவர் தரவேண்டும். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வீதம் அதில் இருக்கவேண்டும். கடன் வாங்கச் செல்பவர் முதலில் கேட்கவேண்டியது அந்தத் தாளையே. உள்ளூர்க் கூட்டு வியாபாரமாக நடக்கும் சிறு பைனான்ஸ்களில் அப்படி ஒரு தாளை எதிர்பார்ப்பதற்கில்லை. அங்கே பென்சிலும் காகிதமும்தான் துணை.

காலத்தை நீட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நிலுவையின்மேல் 9 விழுக்காடு வட்டிக்கு எட்டு லட்சம் வாங்கினால், ஐந்தாண்டுக்கு மாதம் சுமார் 16,600 ரூபாய். ஏழாண்டாக்கினால் 12,870. மாதம் மூவாயிரத்து எழுநூறு மிச்சம் என்று மனம் குளிரும். மொத்த வட்டியோ 1,96,000-இலிருந்து 2,81,000-ஆக ஏறுகிறது. இதற்குள் கார் என்ன ஆகிறது? காப்பீட்டுக் கணக்கில் காரின் மதிப்பு நான்காண்டு கடந்து ஐந்தாம் ஆண்டில் பாதியாகக் குறைக்கப்படுகிறது. அந்த ஏழாண்டுக் கடனில் நான்காண்டு ஒழுங்காகக் கட்டிய பின்னும் 4,05,000 ரூபாய் நிலுவை நிற்கும். வாங்கிய கடனில் பாதிக்கும் மேல். முன்பணம் மிகக் குறைவாகக் கட்டியவர், இடையில் வேலை போய்க் காரை விற்க நேர்ந்தால், விற்ற பணம் கடனை அடைக்கப் போதாமல் திகைப்பது இதனால்தான். லாரி தன் தவணையைச் சம்பாதித்தது என்றேன். சொந்தக் கார் வீட்டு வாசலில் நின்றபடி இன்னொருவரின் உழைப்பிலிருந்து தவணை கேட்கிறது.

தவணை தவறினால்? என் சிறு வயதில் எங்கள் மாமா ஒருவரின் லாரியை, சரக்கோடு, வழியில் நிறுத்தி எடுத்துச் சென்றுவிட்டார்கள். இரண்டு தவணைதான் பாக்கி நின்றது. வண்டி யாருடையது என்று பத்திரத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, அத்தனை நாளும் அவர் ஓட்டியது கம்பெனியின் வண்டி என்று. எழுதாத இடங்களிலும் அவர் கையெழுத்திட்டிருந்தார். வாடகைக் கொள்முதலை ஒழுங்குபடுத்த 1972-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலே கிடந்து 2005-இல் நீக்கப்பட்டது. இன்று பெரும்பாலான கார்கள் வேறு முறையில் வாங்கப்படுகின்றன. வண்டி முதல் நாளே வாங்கியவர் பெயரில் பதிவாகிறது. கடன் கொடுத்தவரின் ஈட்டுரிமை பதிவுச் சான்றில் குறிக்கப்படுகிறது. தவணை தவறியவரின் வண்டியை அடியாட்களை வைத்துப் பறிக்கலாகாது, சட்ட வழியில்தான் மீட்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் ஒரு வங்கியின் வழக்கில் கண்டித்துச் சொல்லியிருக்கிறது.

என் மாணவன் அந்த 58 காசுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கார் வாங்காமல் இருந்துவிடவில்லை. அவன் மனைவிக்கு வேலை நீலம்பூரில், கைக்குழந்தை வேறு. ஓராண்டு பொறுத்து, ஒரு சீட்டுப் பணமும் சேர்ந்தபின், நான்கு லட்சம் மட்டும் கடன் பெற்று, சிறியதாக ஒரு பழைய கார் வாங்கினான். கடைசித் தவணை அண்மையில் முடிந்தது. சொல்ல வந்தவனிடம், வங்கியிடம் தடையில்லாச் சான்று வாங்கினாயா, படிவம் 35-ஐ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்துப் பதிவுச் சான்றிலிருந்து வங்கியின் பெயரை நீக்கினாயா என்று கேட்டேன். அது தானாகவே நீங்கிவிடும் என்று எண்ணியிருந்தான். மறுநாள் காலையிலேயே போகிறேனுங்க ஐயா என்று எழுந்தான்.