சங்கம் வானொலி

சங்கம் வானொலி, சாகீராபாத் அருகிலுள்ள மாச்சனூர் என்னும் சிற்றூரில் தலித் பெண்களால் நடத்தப்படும் சமூக வானொலி ஆகும். அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று தெலங்கானாவில் உள்ளது. பெயரிலுள்ள ‘சங்கம்’ ஊர்தோறும் இயங்கும் மகளிர் குழுக்களைக் குறிக்கும். சங்க இலக்கியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வரலாறு

வானலைகள் பொதுச்சொத்து என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990களின் இறுதியில் யுனெசுக்கோ உதவியுடன் ஒலிப்பதிவுக் கூடம் எழுந்தது. ஆனால் ஒலிபரப்ப உரிமம் இல்லை. முதலில் கல்வி நிறுவனங்களுக்கே உரிமம் கிடைத்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழக வானொலி 2004இல் தொடங்கியது அவ்வாறே. அரசுசாரா அமைப்புகளுக்கு 2006இல்தான் அனுமதி கிட்டியது. அதுவரை பெண்கள் நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டனர். டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி பெற்ற உரிமத்தின் கீழ், 2008 அக்டோபர் 15 அன்று 90.4 மெகாஎர்ட்சில் ஒலிபரப்பு தொடங்கியது.

நிகழ்ச்சிகள்

விதைப் பாதுகாப்பு, சிறுதானியங்கள், கைவைத்தியம், பண்டிகைகள், நாட்டார் பாடல்கள் முதலியன வட்டாரத் தெலுங்கில் பேசப்படுகின்றன. வழக்கமான வேளாண் நிகழ்ச்சிகளில் வல்லுநர் பேசுவார், உழவர் கேட்பார். இங்கு உழவரே வல்லுநர். எந்தப் பயிருடன் எதைக் கலந்து விதைப்பது என்பதை அறிந்த மூதாட்டிக்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை, ஒலிவாங்கியே போதுமானது.

எனினும், ஊர் நடப்பைச் செய்தியறிக்கையாக வாசிக்க இயலாது. 2006ஆம் ஆண்டு விதிமுறைகள் சமூக வானொலிகளுக்குச் செய்திகளையும் அரசியல் நிகழ்ச்சிகளையும் தடை செய்தன. அகில இந்திய வானொலியின் செய்திகளை மூல வடிவிலோ வட்டார மொழியில் மொழிபெயர்த்தோ ஒலிபரப்ப மட்டும் பின்னர் இசைவு தரப்பட்டது.