விளக்கு வைத்ததும் அணையும் கேமரா

மிக்ஸியைச் சும்மா ஓட்டினால் நன்றாகத்தான் சுற்றும். அதையே நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி, தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். முனகும், திணறும். கோளாறு மிக்ஸியில் இல்லை. போகிற வழியிலேயே வயர் மின்அழுத்தத்தைத் தின்றுவிடுகிறது. சுமை ஏறும்வரை அது வெளியே தெரியாது.

போன ஐப்பசியில் திருப்புட்குழியில் சித்தப்பா வீட்டு வாசல் கேமராவுக்கும் இதுதான் நோய். "பகலெல்லாம் பளிச்சுனு தெரியுது தம்பி. விளக்கு வெச்சதும் படம் போயிடுது, வருது, போயிடுது" என்றார் சித்தி. நெசவு வீட்டில் இது சின்ன விஷயமில்லை. தறியில் இருக்கும் பட்டும் சரிகையும் கணக்கு வைத்துக் கொடுக்கப்பட்டவை. காணாமல் போனால் நெய்கிறவர் தலையில்தான் விழும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்படி என்ன நடக்கிறது? இருட்டியதும் கேமரா தன் அகச்சிவப்பு விளக்குகளைப் போடுகிறது. பகலில் நாலைந்து வாட்டில் ஓடும் கேமராவுக்கு அப்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும். படமும் மின்சாரமும் ஒரே கேபிளில் போகின்றன. மிக்ஸி ஜாரில் தேங்காய் விழுகிற நேரம் அது.

அடுப்பு எரியவில்லை என்றால் எடுத்த எடுப்பில் பர்னரைக் கழற்ற மாட்டோம். சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் என்று வரிசையாகப் பார்ப்போம். இங்கும் அப்படித்தான். கேமராவை இறக்கி நெட்வொர்க் ஸ்விட்ச் பக்கத்தில் வைத்து, நல்லது என்று தெரிந்த ஒரு முழக் கேபிளில் மாட்டினேன். முகப்பைத் துணியால் மூடினேன். இரவு வந்துவிட்டதென்று கேமரா விளக்குகளைப் போட்டது. துணி ஓரத்தில் மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கால் மணி நேரமாகியும் அணையவில்லை. அப்படியானால் கேமரா நல்லது, ஸ்விட்ச் நல்லது. குற்றவாளி நடுவில் கிடக்கும் 50 மீட்டர் கேபிள்.

கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டெஸ்டரில் பார்ப்பது மிக்ஸியைக் காலி ஜாரோடு ஓட்டிப் பார்ப்பது மாதிரி; சுமையே இல்லை. இன்னொன்றையும் அது காட்டிக்கொடுக்காது. எட்டுக் கம்பியும் நான்கு ஜோடியாக முறுக்கப்பட்டவை. பிளக்கின் 1, 2-ஆம் ஊசிகளுக்கு ஒரு ஜோடி, 3, 6-க்கு ஒரு ஜோடி என்று வர வேண்டும். நிறங்களைப் பக்கம் பக்கமாகத் தோன்றியபடி அடுக்கி, இரு முனையிலும் ஒன்றுபோல் கிரிம்ப் செய்தாலும் டெஸ்டர் சரி என்றே சொல்லும். படம் மட்டும் திக்கித் திக்கி வரும்.

சித்தப்பா கேபிள் முனையை வாங்கி, பிளேடால் ஒரு கம்பியை மெதுவாகக் கீறினார். செக்கச்சிவந்த தோலுக்கு அடியில் வெள்ளையாக மின்னியது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. "இது போலிச் சரிகைடா" என்றார். அவருக்கு அது கைவந்த சோதனை. நல்ல சரிகையைக் கீறினால் நடுவில் சிவப்புப் பட்டு நூல், அதன்மேல் வெள்ளி, வெள்ளிமேல் தங்க முலாம் என்று தெரியும். நல்ல கேபிளோ எவ்வளவு கீறினாலும் செம்பாகவே இருக்க வேண்டும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். படத்தையும் மின்சாரத்தையும் ஒரே கேபிளில் சேர்த்துப் பிரிக்கும் மலிவான ஸ்பிளிட்டர் வைத்து, நான்கு கம்பிகளில் 12 வோல்ட் அனுப்பியிருந்தார்கள். இந்தத் தூரத்துக்கு, இரவுச் சுமையில், நல்ல செம்பிலேயே இரண்டரை வோல்ட்டுக்கு மேல் கரையலாம். அலுமினியத்தில் இழப்பு அதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டும். மீதி எட்டு வோல்ட்டில் கேமரா எழுந்து எழுந்து விழாமல் என்ன செய்யும்? இதற்கென்றே உள்ள பி.ஓ.இ. (பவர் ஓவர் ஈதர்நெட்) ஸ்விட்ச் கிட்டத்தட்ட 48 வோல்ட்டில் அனுப்புகிறது. அதே வேலைக்குக் கால்பங்கு மின்னோட்டம் போதும் என்பதால் வழிச்செலவும் குறைவு. 2003-ல் வந்த தரப்படி ஸ்விட்ச் 15.4 வாட் கொடுத்தால் 100 மீட்டர் தள்ளியிருக்கும் கேமராவுக்கு 12.95 வாட் போய்ச் சேரும். அதற்கும் உண்மையான செம்பு வேண்டும்.

கூரை ஓரத்து இணைப்பு வேறு மோசமாக இருந்தது. மழை படாதிருக்க இன்சுலேஷன் டேப்பைச் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தார்கள். இந்த ஊர் மரகதவல்லித் தாயாரிடம் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள், மடைப்பள்ளிப் பயறை ஈரத்தோடு மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். வறுத்த பயறும் விடிவதற்குள் முளைவிடும் என்பது நம்பிக்கை. ஈரத்தைக் கட்டி வைத்தால் உள்ளே ஏதோ வளரும் என்று திருப்புட்குழிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். டேப்புக்குள் வளர்ந்திருந்தது களிம்பு. புளி போட்டுத் தேய்க்காத செம்புப் பாத்திரம்போல் ஊசிகள் பச்சை பூத்திருந்தன. பாத்திரமென்றால் தேய்த்து எடுக்கலாம். பிளக்கை வெட்டித்தான் போட வேண்டும்.

தண்ணீர் உள்ளே வந்த வழியும் சமையலறையில் பார்த்ததுதான். பாத்திரத்தைத் தயங்கிச் சாய்த்தால் பால் டம்ளரில் விழாமல் பாத்திரத்தின் வெளிப்பக்கமாகவே வழிந்து, அடியில் போய்ச் சொட்டும். மழைநீரும் கேபிளைப் பிடித்துக்கொண்டே பிளக்குக்கு இறங்குகிறது. பெட்டிக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் நீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

முழுச் செம்பில் வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள், துளை கீழ்நோக்கிய ஜங்ஷன் பாக்ஸ், சின்ன பி.ஓ.இ. ஸ்விட்ச் மூன்றையும் புதிதாகப் போட்டோம். இருட்டும்வரை காத்திருந்து பார்த்தோம். மறுநாள் விடியவிடிய மழை, படம் அணையவில்லை. கழற்றிய கேபிளில் ஒரு சாண் வெட்டி, சித்தப்பா சரிகைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார், அடுத்த முறை கடையில் கீறிக் காட்டிக் கேட்பதற்கு.